அம்பு நுனி வரையும் வட்டம்



வளைந்த பாதையிலே செல்லும் ஒரு துகளின் இயக்கத்தை வெக்டர்களைக் கொண்டு விவரிப்பது எவ்வாறு என்பது இன்று கல்லூரியின் முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் பாடமாகும். அதைக் கற்ற மாணவர்களிற் பெரும்பாலோர் ஐ, ஜே, கே என்னும் மூன்று எழுத்துக்களுக்கு முன்னே கோவைகளை எழுதி, அவற்றை ஒருமுறைக்கு இருமுறை வகையீடு செய்து, பரீட்சைக்கு வேண்டிய விடையைத் தடையின்றிப் பெற்றுவிடுகிறார்களே அன்றி, அந்த விடை எதைக் காட்டுகிறது என்பதை ஒருநாளேனும் மனக்கண்ணால் கண்டதில்லை என்பது என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம். கரும்பலகையின் உதவியில்லாத இந்த மேடையில் குறியீடுகளை எழுதிக் காட்ட இயலாது. ஆகையால் அந்த மனக்கண் காட்சியைப் பற்றியே பேசுவதென்று தீர்மானித்தேன். வேகத்தைக் குறிக்கும் அம்பைப் பாதையிலிருந்து கழற்றித் தனியே வைத்துப் பார்க்கும் துணிவு பிறந்த பின்னரே வளைந்த இயக்கம் மனிதனுக்குத் தெளிவாக விளங்கிற்று என்பதே நான் இன்று நிலைநாட்ட விரும்பும் கருத்து.

பழைய வானநூலார்க்கு வட்டம் ஒரு பிரச்சினையாகவே தோன்றவில்லை. வானுலகப் பொருள்கள் வட்டத்தில் செல்வதே அவற்றின் இயல்பு என்று அரிஸ்டாட்டில் கொண்டார். அலெக்சாந்திரியாவில் தாலமி வட்டத்தின்மேல் வட்டத்தை ஏற்றிக் கிரகங்களின் போக்கைக் கணித்தார். நம் நாட்டிலும் 499இல் ஆரியபடர் மந்தம், சீக்கிரம் என்னும் இருவகை வட்டங்களைக் கொண்டே அந்தக் கணிதத்தைச் செய்தார். இந்த வட்டங்களால் கிரகணங்களும் கிரகநிலைகளும் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகவே கிடைத்து வந்தன. ஆயினும் ஒரே வேகத்தோடு வட்டத்திற் செல்லும் பொருளுக்கு ஏதேனும் ஒன்று இடைவிடாமல் நேர்ந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம் அரிஸ்டாட்டிலின் உலகத்தில் எழுவதற்கு இடமே இல்லை. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பின் என்ன மாறுதல் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். நம்மிடையேயும் பலர் இன்றும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு விடை ஒரே நாளிலோ ஒரே மனிதரிடமிருந்தோ வந்ததன்று. 1638இல் லெய்டன் நகரத்தில் அச்சான தமது கடைசிப் பெருநூலில், அப்போது வீட்டுக் காவலில் இருந்த கலிலியோ, எறியப்பட்ட பொருளின் இயக்கத்தைக் கிடைமட்டமான மாறா வேகம் ஒன்றாகவும் கீழ்நோக்கிக் கூடிக்கொண்டே போகும் வேகம் ஒன்றாகவும் பிரித்து, இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் சேர்ந்து நடப்பதால் விளையும் பாதை பரவளையம் என்று காட்டினார். வட்ட இயக்கத்துக்கு வேண்டிய அளவைக் கண்டவர் ஹாலந்து தேசத்துக் கிறிஸ்தியான் ஹைகன்ஸ். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் அது கிடைக்கும் என்ற முடிவை அவர் 1659இலேயே அடைந்திருந்தும், 1673இல் வெளியான ஊசற்கடிகார நூலின் இறுதியில் நிறுவல் எதுவும் இல்லாத 13 தேற்றங்களாகவே அதனை உலகுக்குக் கொடுத்தார். நிறுவல்கள் அச்சேறியது அவர் இறந்த பின்பு, 1703இல். ஆனால் ஹைகன்ஸ் நினைத்ததெல்லாம் மையத்தை விட்டு வெளியே ஓட முயலும் ஒரு நாட்டத்தைப் பற்றித்தான். நியூட்டனும் தொடக்கத்தில் அந்த நோக்கிலேயே சிந்தித்து வந்தார். அந்த நோக்கைத் திருப்பிவைத்த பெருமையில் ஒரு பங்கு, அவர் பிற்காலத்தில் பெயரைச் சொல்லவும் விரும்பாத ராபர்ட் ஹூக்கைச் சாரும். 1679ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி நியூட்டனுக்கு ஹூக் எழுதிய கடிதத்தில், கிரகங்களின் இயக்கத்தைத் தொடுகோட்டின் வழியே நேராகச் செல்லும் இயக்கமும் மையப் பொருளை நோக்கிய கவர்ச்சியும் சேர்ந்த கூட்டாகக் கொள்ளலாமே என்ற யோசனை இருந்தது. யோசனை ஹூக்கினுடையது, அதைக் கணிதமாக்கும் வலிமை நியூட்டனுடையது. இருவருக்கும் நேர்ந்த பகையைப் பற்றிப் பேசுவோர், இந்த இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முயல்வதனாலேயே தடுமாறுகிறார்கள்.

1687இல் வெளியான பிரின்சிபியாவின் முதற் பிரேரணையில் நியூட்டன் செய்வது என்னவென்றால், காலத்தைச் சம துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் பொருளை நேர்கோட்டிலே செல்லவிட்டு, துண்டின் முடிவில் மையத்தை நோக்கி ஒரு தட்டுத் தட்டிவிடுகிறார். பழைய வேகமும் தட்டினால் வந்த புதிய வேகமும் இணைகரத்தின் இரு பக்கங்களாக நிற்க, மூலைவிட்டத்தின் வழியே அடுத்த துண்டுப் பயணம் தொடங்குகிறது. இவ்வாறு உண்டாகும் பலகோணத்தின் பக்கங்களை மென்மேலும் சிறிதாக்கிக்கொண்டே போனால் அது வளைகோடாகிவிடும். சம காலத்தில் சமப் பரப்பு என்ற கெப்ளரின் விதி இந்தப் படத்திலிருந்து இரண்டு முக்கோணங்களை ஒப்பிட்ட மாத்திரத்தில் கிடைத்துவிடுகிறது.

அதே நூலின் மூன்றாம் பாகத்தில் சந்திரனை வைத்து அவர் செய்த பரீட்சையை நாம் இன்றைய அளவுகளில் திரும்பச் செய்து பார்க்கலாம். சந்திரன் நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில், அதாவது பூமியின் ஆரத்தைப்போல் ஏறக்குறைய 60 மடங்கு தூரத்தில், வினாடிக்கு 1.02 கிலோமீட்டர் வேகத்தோடு சுற்றிவருகிறது. ஹைகன்ஸ் கூறிய வகுத்தலைச் செய்தால் வினாடிக்கு வினாடி 0.0027 மீட்டர் என்னும் அளவு வருகிறது. இங்கே கையிலிருந்து நழுவும் கல்லின் முடுக்கமாகிய 9.8 மீட்டரை 60இன் வர்க்கமாகிய 3,600ஆல் வகுத்தாலும் அதுவே வருகிறது. வேறுவிதமாகச் சொன்னால், கல் ஒரு வினாடியில் விழும் 4.9 மீட்டர் தூரத்தைச் சந்திரன் ஒரு நிமிஷத்தில், நேர்கோட்டிலிருந்து பூமியின் பக்கமாக, விழுகிறது. விழுந்துகொண்டேயிருப்பதும் நெருங்காமலேயிருப்பதும் ஒன்றாக நடப்பதில் முரண்பாடு எதுவுமில்லை என்பதை உணர்ந்தவரே வளைந்த இயக்கத்தின் வாசற்படியை மிதித்தவர்.

நியூட்டன் இவ்வளவையும் கோடுகளாலும் முக்கோணங்களாலும் செய்தார். திசையும் அளவும் சேர்ந்த ஒன்றைத் தனியொரு கணிதப் பொருளாகக் கருதி, எண்களைப்போல அதைக் கூட்டவும் பெருக்கவும் மாற்ற வீதம் காணவும் முறைகள் அமைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அந்தச் சரித்திரம் விசித்திரமானது. 1843 அக்டோபர் 16ஆம் தேதி, டப்ளின் நகரத்தின் ராயல் கால்வாய்க் கரையிலே மனைவியுடன் நடந்து சென்ற வில்லியம் ரோவன் ஹாமில்டனுக்கு, பல்லாண்டுகளாகத் தேடிய பெருக்கல் விதி திடீரென்று புலப்பட, அவர் புரூம் பாலத்துக் கல்லிலே அதைக் கத்தியால் கீறிவைத்தார். கீறல் மறைந்துபோயிற்று, 1958இல் அங்கே ஒரு நினைவுக் கல்லைத் திறந்துவைத்த அயர்லாந்துப் பிரதமர் டி வலேரா தாமும் ஒரு காலத்தில் கணித ஆசிரியராக இருந்தவர். நம் மாணவர்கள் எழுதும் ஐ, ஜே, கே மூன்றும் அந்தப் பாலத்துக் கல்லிலிருந்து வந்தவையே. மறு ஆண்டிலேயே, ஜெர்மனியில் ஸ்டெட்டின் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹெர்மன் கிராஸ்மன், இன்னும் விரிவான ஒரு கணிதத்தை நூலாக வெளியிட்டார். அதைப் படிப்பார் இல்லை. மனம் சலித்த அவர் பிற்காலத்தில் சம்ஸ்கிருதத்தில் இறங்கி, ரிக்வேதத்துக்கு அகராதியும் மொழிபெயர்ப்பும் செய்து, அந்தத் துறையில்தான் தம் வாழ்நாளில் புகழ் பெற்றார். வேதத்தைக் கற்பவர் ஒருவரும் இயந்திரவியலைக் கற்பவர் ஒருவரும் தத்தம் மேஜைகளில் ஒரே மனிதருக்குக் கடன்பட்டிருப்பதை அறியாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கையாகவே தோன்றும். இன்று நாம் வழங்கும் எளிய வடிவம், யேல் பல்கலைக்கழகத்து கிப்ஸ் 1881லும் 1884லும் தம் மாணவர்க்காக அச்சிட்ட சிறு பிரசுரத்திலிருந்தும், தந்திக் கம்பெனியில் வேலை பார்த்துத் தாமே கற்றுயர்ந்த ஹெவிசைடின் கட்டுரைகளிலிருந்தும் வந்தது. யாருடைய முறை மேலானது என்று அக்காலத்தார் நிகழ்த்திய சண்டையில் நமக்கு இன்று சிரத்தை வேண்டியதில்லை.

நமக்கு வேண்டியது ஹாமில்டன் 1846இல் வெளியிட்ட வேறொரு யுக்தி. பாதையின் ஒவ்வோர் இடத்திலும் துகளின் திசைவேகம் ஓர் அம்பு. அந்த அம்புகள் பாதை நெடுகிலும் தொடுகோடுகளாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றையெல்லாம் பெயர்த்தெடுத்து, அடிமுனைகளை ஒரே புள்ளியில் வைத்து நட்டுவிட்டால், நுனிகள் வேறொரு வளைகோட்டை வரையும். அந்தக் கோட்டுக்கு அவர் ஹோடோகிராஃப் என்று பெயரிட்டார். அடிமுனைகள் கூடியிருக்கும் அந்தப் புள்ளியை ஆதிப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். இந்தப் படத்தில் தூரம் என்பதே கிடையாது. ஒரு சென்டிமீட்டர் நீளம் இத்தனை கிலோமீட்டர் வேகம் என்று மட்டுமே பொருள்படும். துகள் பாதையில் ஓடும்போது அம்பின் நுனி இந்தப் புதிய கோட்டில் ஓடுகிறது. துகளின் ஓட்டம் திசைவேகம் என்றால், நுனியின் ஓட்டம் முடுக்கம். இதற்குமேல் முடுக்கத்துக்கு ஓர் இலக்கணம் தேவையில்லை என்றே நான் நினைக்கிறேன்.

எறியப்பட்ட கல்லை இந்த முறையில் பார்த்தால், ஒவ்வொரு வினாடியும் அதன் அம்பின் நுனி 9.8 மீட்டர் வேக அளவுக்கு நேர் கீழே இறங்குவதால், வளைந்த பரவளையப் பாதைக்கு ஹோடோகிராஃபாகக் கிடைப்பது ஒரு செங்குத்தான நேர்கோடே. மாறா வேகத்தோடு வட்டத்திற் சுற்றும் துகளுக்கோ, அம்பின் நீளம் மாறாமல் திசை மாத்திரம் சுழல்வதால், நுனியும் ஒரு வட்டத்தையே வரைகிறது. துகள் ஒரு சுற்று முடிக்கும் அதே காலத்தில் நுனியும் ஒரு சுற்று முடிக்கும். ஆகவே துகளின் வேகத்துக்கும் பாதையின் ஆரத்துக்கும் எந்த விகிதமோ, நுனியின் வேகத்துக்கும் அம்பின் நீளத்துக்கும் அதே விகிதம். அம்பின் நீளம் வேகமே ஆகையால், முடுக்கமானது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்த அளவாகிறது. ஹைகன்ஸ் நிறுவலின்றி வெளியிட்ட தேற்றம் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிட்டது. திசையும் உடன் கிடைக்கிறது: ஆரத்துக்குச் செங்குத்து அம்பு; அம்புக்குச் செங்குத்து நுனியின் ஓட்டம்; இரண்டு செங்கோணங்கள் சேர்ந்து திரும்பினால் ஆரத்துக்கு எதிர்த்திசை, அதாவது மையத்தை நோக்கிய திசை. வேகம் மாறாவிட்டால் மாறுதல் ஏது என்று கேட்டவர்க்கு இந்த நுனியின் ஓட்டமே மறுமொழி.

பாதை வட்டமாக இல்லாமல் எப்படியெல்லாமோ வளைந்து செல்லுமானால்? நீளம் மாறாத அம்பு எதுவும் தன் திசைக்குச் செங்குத்தாகத்தான் மாற முடியும் என்ற ஒரு சிறிய உண்மை இங்கே கைகொடுக்கிறது. திசைவேகத்தை, ஓரலகு நீளமுள்ள திசையம்பு ஒன்றும் வேகம் என்னும் எண் ஒன்றும் சேர்ந்த பெருக்கமாகக் கொண்டால், மாற்றமும் இரண்டாகப் பிரிகிறது. எண் மாறுவது பாதையின் வழியே. திசையம்பு மாறுவது பாதைக்குக் குறுக்கே, வளைவின் உட்புறமாக. முன்னது வேகம் கூடும் அல்லது குறையும் வீதம். பின்னது வேகத்தின் வர்க்கத்தை, அந்த இடத்தில் பாதையோடு மிக நெருங்கிப் பொருந்தும் வட்டத்தின் ஆரத்தால் வகுத்த அளவு. விசையைத் தொடுகோட்டின் வழியாகவும் அதற்குச் செங்குத்தாகவும் பிரித்து இயக்கத்தை ஆராயும் முறையை ஆய்லர் 1736லேயே கையாண்டிருக்கிறார். பாதை ஒரு தளத்தில் அடங்காமல் முறுக்கிக்கொண்டு போனாலும், முடுக்கம் இந்த இரண்டு திசைகளின் தளத்தைவிட்டு வெளியே வருவதில்லை. முறுக்கத்தை அளக்கும் மூன்றாவது திசையில் அதற்குப் பங்கில்லை. முறுக்கம் அடங்கிய முழுச் சூத்திரங்களை ஃப்ரெனே 1847இல் துலூஸ் நகரத்தில் சமர்ப்பித்த ஆராய்ச்சியிலும், செரே தனித்து 1851லும் கொடுத்தனர்.

இந்தச் செங்குத்துப் பகுதியை அறியாமல் ரயில் பாதை போட முடியாது. நம் ரயில்வே கணக்கில் ஒரு டிகிரி வளைவு என்பது 1,750 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி அதில் திரும்பும்போது அதற்கு வேண்டிய முடுக்கம் 0.44 மீட்டர்; புவியீர்ப்பில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைத் தண்டவாளத்தின் பக்கவாட்டு நெருக்குதலால் பெறாமல், வண்டியின் எடையிலிருந்தே பெறவேண்டுமானால், அகலப் பாதையில் வெளித் தண்டவாளத்தை உள் தண்டவாளத்தைவிட 79 மில்லிமீட்டர் உயர்த்திப் போடவேண்டும். இந்த உயரம் ஒரு வேகத்துக்கு மட்டுமே கச்சிதமாகப் பொருந்தும். மெதுவாகச் செல்லும் சரக்கு வண்டி உள் தண்டவாளத்தின்மேல் சாயும், விரைவு வண்டி வெளித் தண்டவாளத்தை நெருக்கும். பொறியாளர் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் செய்துகொள்கிறார். நேர்கோட்டை வட்டத்தோடு அப்படியே இணைத்துவிட்டால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் பாதையிலே முறிவு ஏதும் கண்ணுக்குத் தெரியாது. தொடுகோடு தொடர்ச்சியாகவே இருக்கும். ஆனால் ஹோடோகிராஃபில், அதுவரை அசையாமல் நின்ற நுனி ஒரே க்ஷணத்தில் முழு வேகத்தோடு ஓடத் தொடங்கிவிடுகிறது. பிரயாணிக்கு அது ஓர் உலுக்கலாகத் தெரியும். அதனால்தான் நடுவே, வளைவு பூஜ்யத்திலிருந்து சிறிது சிறிதாக வளரும்படி, முப்படிப் பரவளையத் துண்டு ஒன்றைப் புகுத்துகிறார்கள். வெளித் தண்டவாளத்தின் உயரமும் அந்தத் துண்டின் மேலேயே படிப்படியாக ஏறுகிறது.

துகள் என்ற சொல்லுக்கு நேரான பொருளிலே ஓர் உதாரணம் சொல்ல வேண்டுமானால், 1932 ஆகஸ்ட் 2ஆம் தேதி கலிபோர்னியாவில் பாசடீனா நகரத்தில் கார்ல் ஆண்டர்சன் எடுத்த புகைப்படத்தைவிடச் சிறந்தது கிடையாது. காந்தப் புலத்தில் மின்னூட்டத் துகளின்மேல் படும் விசை எப்போதும் அதன் திசைவேகத்துக்குச் செங்குத்தாகவே இருக்கும். ஆகவே அந்த விசை துகளின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வல்லதன்று, திருப்ப மட்டுமே வல்லது. ஒளியின் வேகத்தை நெருங்கும் துகள்களுக்கு உந்தம் வேகத்தோடு சரிவிகிதத்தில் வளர்வதில்லை ஆதலால், இங்கே திசைவேகத்தின் அம்புக்குப் பதிலாக உந்தத்தின் அம்பை எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றபடி வாதம் அதுவே. உந்தம் பெரிதானால் ஆரம் பெரிது, உந்தம் சிறிதானால் ஆரம் சிறிது. ஆண்டர்சன், 15,000 காஸ் வலிமையுள்ள காந்தப் புலத்தில் ஒரு முகில் அறையை வைத்து, அதன் குறுக்கே 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஈயத் தகடு ஒன்றைப் பொருத்தியிருந்தார். விண்ணிலிருந்து வரும் கதிர்களின் தடங்கள் அதில் நீர்த்துளிக் கோடுகளாகப் பதியும். குறிப்பிட்ட அந்தப் படத்தில் தகட்டுக்குக் கீழே ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் ஆரத்தோடு வளைந்த ஒரு கோடு, தகட்டைத் தாண்டி மேலே ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆரத்தோடு தொடர்ந்தது.

அந்தத் தகடு எதற்காக என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வளைவு மட்டும் தெரிந்தால் போதாது; மேலிருந்து கீழே வரும் எதிர்மின் துகளும், கீழிருந்து மேலே போகும் நேர்மின் துகளும் ஒரே கோட்டைத்தான் வரையும், ஏனெனில் திசைவேகத்தின் குறியையும் மின்னூட்டத்தின் குறியையும் சேர்த்து மாற்றினால் விசை மாறுவதில்லை. அசையாத புகைப்படத்தில் பாதை இருக்கிறது, அம்பு இல்லை. ஈயத்தைத் துளைத்துச் சென்ற துகள் ஆற்றலை இழக்குமே தவிரப் பெறாது ஆகையால், வளைவு கூடுதலாகியிருக்கும் பக்கமே பின்னால் கடந்த பக்கம் என்பது உறுதி. துகள் கீழிருந்து மேலே சென்றது. அப்படியானால் அது நேர்மின்னூட்டமுடையது. புரோட்டானாக இருக்கலாமா என்றால், அவ்வளவு வளைவுள்ள புரோட்டான் காற்றில் 5 மில்லிமீட்டர் தூரத்துக்குள் ஓய்ந்துபோயிருக்கும். இந்தத் தடமோ 5 சென்டிமீட்டருக்கும் மேல் நீண்டிருந்தது. இவ்வாறாக எலக்ட்ரானின் எதிர்ப்பிறவியாகிய பாசிட்ரான் உலகுக்குத் தெரியவந்தது. ஆண்டர்சனுக்கு 1936இல் நோபெல் பரிசு கிடைத்தது. பாதையில் அம்பைப் பொருத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

இனி ஹாமில்டன் தம் யுக்தியை எதற்காகக் கண்டாரோ அந்தக் காரியத்துக்கு வருகிறேன். கெப்ளர் 1609இல் கிரகங்களின் பாதை நீள்வட்டம் என்று சொன்னது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வானத்தில் ஆட்சி செய்த வட்டத்தைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கிவிட்டது. சூரியனுக்கு அருகில் வேகம் கூடி, தொலைவில் வேகம் குறைந்து, ஒவ்வோர் இடத்திலும் முடுக்கமும் மாறிக்கொண்டே வரும் அந்த இயக்கம் கணிப்பவனுக்குச் சிக்கலானது. ஆனால் அம்புகளை ஓரிடத்தில் நட்டுப் பார்த்தால் என்ன ஆகிறது?

முடுக்கம் சூரியனிடமிருந்துள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் உள்ளது. சூரியனிலிருந்து கிரகத்துக்கு இழுத்த கோடு சுழலும் வீதமும், சமப் பரப்பு விதியின்படி, அதே தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலேயே உள்ளது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் தூரம் முழுவதும் மறைந்துவிடுகிறது. அதாவது, கிரகம் அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், அந்தக் கோடு ஒரு டிகிரி சுழலும்போதெல்லாம் அம்பின் நுனி ஒரே அளவு நகர்கிறது. நகரும் திசையும் சூரியனை நோக்கியதாகையால் அதுவும் அதே ஒரு டிகிரி திரும்புகிறது. சம நீளம் நடக்குந்தோறும் சம கோணம் திரும்பும் கோடு வட்டத்தைத் தவிர வேறென்ன? பாதையிலிருந்து துரத்தப்பட்ட வட்டம் வேகங்களின் உலகத்தில் ஓர் இம்மியும் பிசகாமல் அமர்ந்திருக்கிறது. ஆதிப்புள்ளி அந்த வட்டத்தின் மையத்தில் இல்லை, சற்று விலகியிருக்கிறது என்பதுதான் நீள்வட்டத்தின் இரகசியம்.

பூமியை எடுத்துக்கொண்டால், ஜனவரி மாதத் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வரும்போது வேகம் வினாடிக்கு 30.29 கிலோமீட்டர்; ஜூலையில் மிக விலகியிருக்கும்போது 29.29 கிலோமீட்டர். இரண்டின் சராசரியாகிய 29.79 வட்டத்தின் ஆரம். வித்தியாசத்திற் பாதியாகிய 0.50 ஆதிப்புள்ளி மையத்தைவிட்டு விலகிய அளவு. பின்னதை முன்னதால் வகுத்தால் ஏறக்குறைய 0.0167 வருகிறது, அதுவே பூமியின் நீள்வட்டத்துக்கு வானநூலார் கூறும் மையப்பிறழ்ச்சி. ஹாலி வால்நட்சத்திரத்துக்கோ அண்மையில் வேகம் 54.5 கிலோமீட்டர், சேய்மையில் 0.9 கிலோமீட்டர். அதன் பாதை எவ்வளவு ஒடுங்கி நீண்டது என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் அதன் அம்பு நுனி வரைவது 27.7 கிலோமீட்டர் ஆரமுள்ள முழு வட்டம், ஆதிப்புள்ளி மட்டும் 26.8 கிலோமீட்டர் தள்ளி விளிம்புக்கு அருகில் கிடக்கிறது. அந்த வால்நட்சத்திரம் ஏறத்தாழ 76 ஆண்டுகளில் பெரும்பகுதியை இந்த வட்டத்தின் ஒரு சிறு வில்லிலேயே கழித்துவிட்டு, சூரியனை அணுகும் சில மாதங்களில் மற்ற வில் முழுவதையும் ஓடிக் கடக்கிறது.

இவ்வளவு அழகான விஷயம் பாடப்புத்தகங்களிலிருந்து எப்படி நழுவிப்போயிற்று என்பது எனக்கு விளங்கவில்லை. மாக்ஸ்வெல் தமது சிறிய இயந்திரவியல் நூலில் இதை எடுத்தாண்டார். 1964 மார்ச் 13ஆம் தேதி கால்டெக்கில் முதலாண்டு மாணவர்க்குப் பேசிய ஃபைன்மன், நியூட்டனின் நிறுவலில் கூம்பு வளைவுகளின் பழைய பண்புகளைத் தம்மால் தொடர இயலவில்லை என்று சொல்லிவிட்டு, இந்த வேக வட்டத்தைக் கொண்டே நீள்வட்டத்தை நிறுவிக் காட்டினார். அந்தச் சொற்பொழிவு தொகுதிகளில் சேராமல் விடுபட்டு, 1996இல்தான் நூலாக வந்தது. நியூட்டனின் கோடுகளையே நேராக எதிர்கொண்டவரும் உண்டு. நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், பிரின்சிபியாவின் பிரேரணைகளை ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் தாமே ஒரு நிறுவலைச் செய்து, பிறகு நியூட்டனுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, அந்த அனுபவத்தை 1995இல், தம் வாழ்வின் கடைசி ஆண்டில், ஒரு பெருநூலாகக் கொடுத்தார். இரு வழிகளையும் அறிந்தவர் இரண்டையும் மதிப்பார்.

இறுதியாக ஒரு சமீப கால உதாரணம். 2013 நவம்பர் 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யான், உடனே செவ்வாயை நோக்கிப் போய்விடவில்லை. பூமியைச் சுற்றி நீள்வட்டத்தில் வந்துகொண்டே, மிக அருகில் வந்த சில தடவைகளில் எஞ்சினை இயக்கி, பாதையின் மறுமுனையை மென்மேலும் தொலைவுக்குத் தள்ளிக்கொண்டது. கடைசியில் அதன் அண்மை உயரம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர், சேய்மை உயரம் ஏறத்தாழ 1,93,000 கிலோமீட்டர். கணக்கிட்டால், அண்மையில் வேகம் வினாடிக்கு 10.8 கிலோமீட்டர், சேய்மையில் 0.36 கிலோமீட்டர். ஆகவே ஹோடோகிராஃப் 5.6 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம். ஆதிப்புள்ளி அதன் உள்ளேதான் இருந்தது, ஆனால் விளிம்புக்கும் அதற்கும் இருந்த இடைவெளி அந்த 0.36 கிலோமீட்டர் மட்டுமே. ஆதிப்புள்ளி வட்டத்துக்குள் இருக்கும்வரை பாதை மூடிய நீள்வட்டம். சரியாக வட்டத்தின்மேல் வந்தால் பரவளையம். வெளியே போய்விட்டால் திரும்பி வராத அதிபரவளையம்.

டிசம்பர் 1ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், அண்மை நிலையை ஒட்டி, எஞ்சின் 22 நிமிஷம் எரிந்து வினாடிக்கு 648 மீட்டர் வேகத்தைக் கூட்டியது. அத்தனையும் ஒரே க்ஷணத்தில் நேர்ந்ததாகக் கொண்டு எளிதாக்கிப் பார்த்தால், வட்டத்தின் ஆரம் 5.3 கிலோமீட்டராகச் சுருங்க, மையமோ 6.2 கிலோமீட்டர் தூரத்துக்குத் தள்ளிப்போயிற்று. ஆதிப்புள்ளி வெளியே நின்றுவிட்டது. இனி நுனி முழு வட்டத்தையும் சுற்ற முடியாது. ஆதிப்புள்ளியிலிருந்து வட்டத்துக்கு இழுக்கப்படும் தொடுகோடு தொடும் இடம்வரை போய் அங்கே அடங்கிவிடும். அந்தத் தொடுகோட்டின் நீளம், வினாடிக்கு 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல், பூமியின் பிடியைத் தாண்டிய பிறகு விண்கலத்திடம் மிஞ்சியிருந்த வேகம். செவ்வாயை அடைந்தபோது, அந்தக் கிரகத்தைச் சுற்றி வரையப்படும் வேக வட்டத்துக்கும் ஆதிப்புள்ளி வெளியிலேயே இருந்தது. எஞ்சினை இப்போது எதிர்த்திசையில் திருப்பிவைத்து எரிக்க வேண்டியிருந்தது. 2014 செப்டம்பர் 24ஆம் தேதி காலையில் ஏறத்தாழ 23 நிமிஷத்தில் வினாடிக்கு 1,099 மீட்டர் வேகம் குறைந்து, ஆதிப்புள்ளி வட்டத்துக்குள் வந்தது.